வழுக்கும் கியர்பொக்ஸ்: இரண்டு லட்சம் கிலோமீற்றருக்குப் பிறகு

மெல்பேர்ணின் வெஸ்ட் கேட் பாலத்தின் ஏற்றத்தில்தான் பலருக்கும் முதலில் தெரியவருகிறது. பொயிண்ட் குக்கிலிருந்து காலையில் புறப்பட்டு எம்1 நெடுஞ்சாலையில் நகரத்தை நோக்கி வருகிறீர்கள். பாலத்தில் ஏறத் தொடங்கியதும் எஞ்சின் சட்டென்று இரைகிறது. ஆர்பிஎம் முள் இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரத்து ஐந்நூறுக்குத் தாவுகிறது. வேக முள் மட்டும் அசையவில்லை. காலைத் தளர்த்தினால் இரைச்சல் அடங்குகிறது, மிதித்தால் மறுபடி எழுகிறது. பின்னால் லொறி நெருங்கி வருகிறது. எஞ்சின் தன் வேலையைச் செய்கிறது, ஆனால் அந்தச் சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. ஓட்டோமேட்டிக் கியர்பொக்ஸ் வழுக்கத் தொடங்கிவிட்டது.

ஏற்றத்தில் கார் தானாகவே கீழ்க் கியருக்கு இறங்கும்போதும் இரைச்சல் கூடும். ஆனால் அப்போது கார் உடனே இழுக்கும், முதுகு சீட்டில் அழுந்தும். வழுக்கும்போது சத்தம் மட்டும்தான் வரும், இழுவை வராது. இந்த வித்தியாசத்தை ஓட்டுபவர் உணர்ந்து வைத்திருப்பது நல்லது. ஏனென்றால் பல கார்களில் முதல் சில வாரங்களுக்கு எந்த எச்சரிக்கை விளக்கும் எரியாது. அந்தச் சில வாரங்களில்தான் சில நூறு டொலரோடு முடியக்கூடிய வேலை பல ஆயிரம் டொலர் வேலையாக மாறுகிறது.

பொயிண்ட் குக்கில் இது சின்ன விஷயம் அல்ல. நகர மையத்திலிருந்து தென்மேற்கே சுமார் 22 கிலோமீற்றர் தொலைவில் இருக்கும் இந்தப் புறநகரில், 2021 குடிசனக் கணக்கெடுப்பின்படி 66 ஆயிரம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். இத்தனை பேர் இருந்தும் ஊருக்குள் ரயில் நிலையம் இல்லை. பக்கத்தில் இருப்பது வில்லியம்ஸ் லாண்டிங் நிலையம். அதுவும் 2013இல்தான் திறந்தது. ட்ரூகனினாவிலும் லாவர்ட்டன் நோர்த்திலும் உள்ள பண்டகசாலைகளில் இரவு வேலை, ஆஸ்பத்திரியில் அதிகாலை ஷிஃப்ட், பிள்ளைகளுக்கு சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, ரொக்பாங்க் குன்றத்துக் குமரன் கோயில், திருவிழாவென்றால் நகரத்தின் மறுகோடியில் இருக்கும் கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில் என்று எல்லாவற்றுக்கும் கார் வேண்டும். கார் நின்றால் வீட்டின் வருமானமும் நிற்கும்.

புதிதாக வந்தவர்கள் வாங்கும் முதல் கார் பெரும்பாலும் பழையதுதான். 2021 கணக்குப்படி அவுஸ்திரேலிய வீதிகளில் ஓடும் வாகனங்களின் சராசரி வயதே 10.6 ஆண்டுகள். கையில் ஆறேழாயிரம் டொலர் வைத்துக்கொண்டு தேடினால் அகப்படுவது கெம்ரி, கொரோல்லா, ஃபோகஸ், எக்ஸ்-ட்ரெயில் போன்றவை. ஓடோமீற்றரில் 180 ஆயிரம், 220 ஆயிரம் என்று இருக்கும். அந்தக் கெம்ரிகளில் பல, பொயிண்ட் குக்கிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருந்த ஆல்டோனா தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. டொயோட்டா அந்த ஆலையை 2017 ஒக்ரோபர் 3ஆம் திகதி மூடியது. ஆலை போய்விட்டது, அது செய்த கார்கள் இன்னும் நம் தெருக்களில் ஓடுகின்றன. நன்றாகவே ஓடுகின்றன, பராமரித்தவர்களிடம்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

கையால் கியர் மாற்றும் காரில் ஓட்டுநரின் இடது கால் செய்யும் வேலையை ஓட்டோமேட்டிக்கில் எண்ணெய் செய்கிறது. இதுதான் முழு விஷயத்துக்கும் அடிப்படை. எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவே டோர்க் கொன்வேர்ட்டர் என்ற உருண்டைப் பாத்திரம் இருக்கிறது. அதற்குள் ஒரு விசிறி எண்ணெயைத் தள்ள, அந்த எண்ணெய் எதிரில் உள்ள இன்னொரு விசிறியைச் சுழற்றுகிறது. அதற்குப் பின்னால் கிரகப் பற்சக்கரத் தொகுதிகள். எந்தச் சக்கரம் சுற்ற வேண்டும், எது நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பவை கிளச் தட்டுகள். உராய்வுப் பூச்சு ஒட்டிய தட்டு ஒன்று, வெறும் இரும்புத் தட்டு ஒன்று என்று மாறி மாறி அடுக்கியிருக்கும். எண்ணெய் அழுத்தத்தில் ஒரு பிஸ்டன் அந்த அடுக்கை நெரிக்கும்போது தட்டுகள் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு சுழல்கின்றன. அதைத்தான் நாம் கியர் விழுந்தது என்கிறோம். அழுத்தம் போதாவிட்டாலோ பூச்சு தேய்ந்திருந்தாலோ தட்டுகள் பிடிக்காமல் உரசும். அந்த உரசல்தான் வழுக்கல்.

கழற்றி மேசையில் பரப்பிய ஒரு கியர்பொக்ஸை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு இது மறக்காது. நல்ல உராய்வுத் தட்டு மரநிறத்தில், தொட்டால் மெத்தென்று, கடதாசிபோல இருக்கும். உண்மையிலேயே அதில் உள்ளது பெரும்பாலும் கடதாசி நார்தான், பிசினில் தோய்த்து இரும்பில் ஒட்டியது. கருகிய தட்டில் நகத்தால் கீறினால் கறுப்புச் செதிளாக உதிரும். பக்கத்து இரும்புத் தட்டில் சூடு ஏறிய இடமெல்லாம் நீலமாகப் பூத்திருக்கும். ஒரு முறை உரசினால் சூடு, சூடு ஏறினால் எண்ணெய் கெடும், எண்ணெய் கெட்டால் பிடி இன்னும் குறையும், பிடி குறைந்தால் இன்னும் உரசும். வழுக்கலோடு மாதக்கணக்கில் ஓட்டுவது இதனால்தான் ஆபத்து. பெட்டி தன்னைத் தானே தின்றுகொண்டிருக்கும்.

ஆனால் எல்லா வழுக்கலும் தேய்ந்த தட்டால் வருவதில்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பலர் இங்கேதான் பயந்துபோய்க் காரைக் கைவிடுகிறார்கள். எண்ணெய் கசிந்து மட்டம் குறைந்திருக்கலாம். அழுத்தத்தைத் திறந்து மூடும் சொலனோயிட் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். வால்வ் பொடி என்ற அலுமினியப் பலகையில் வால்வுகள் ஓடும் துளைகள் தேய்ந்து அழுத்தம் கசியலாம். மணிக்கு அறுபது எழுபது கிலோமீற்றரில் மெல்ல மிதித்து ஓடும்போது மட்டும், கரடுமுரடான வீதியில் போவதுபோல ஒரு நடுக்கம் வந்தால் கொன்வேர்ட்டருக்குள் இருக்கும் பூட்டுக் கிளச்சைச் சந்தேகிக்க வேண்டும். காலையில் குளிர்ந்த பெட்டியில் சரியாக இருந்து சூடேறியதும் வழுக்கினால் அது ஒரு கதை. முதல் இரண்டு நிமிடம் டிரைவ் பிடிக்காமல் நின்று, சூடேறியதும் சரியாகிவிட்டால் அது வேறு கதை, ரப்பர் சீல்கள் இறுகியிருக்கலாம். எந்தக் கியரில், எந்த வேகத்தில், சூட்டிலா குளிரிலா என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால் மெக்கானிக்குக்கு அது பாதி வேலை.

முதலில் எண்ணெய்

லாவர்ட்டன் நோர்த் பக்கக் கராஜ்களில் இந்த உரையாடல் அடிக்கடி நடக்கிறது.

"கியர்பொக்ஸ் ஒயில் எப்ப மாத்தினீங்கள்?"

"மாத்தத் தேவையில்லை எண்டுதானே அண்ணை புத்தகத்தில கிடக்கு."

"புத்தகம் வாறன்ரி முடியும் மட்டும்தான் தம்பி பொறுப்பு. அதுக்குப் பிறகு கார் உங்கட கார்."

வாழ்நாள் எண்ணெய் என்று சொல்லித்தான் பல நிறுவனங்கள் கார்களை விற்றன. எவருடைய வாழ்நாள் என்பதைச் சொல்லவில்லை. ஜெர்மனியின் ஸெட்எஃப் நிறுவனம் பிஎம்டபிள்யு, ஜாகுவார், ஃபோர்ட் ஃபோல்கன் போன்ற பல கார்களுக்கு ஓட்டோமேட்டிக் பெட்டி செய்து கொடுத்தது. அதே பெட்டி பூட்டிய காரில் எண்ணெயை மாற்றவே வேண்டாம் என்று கார் நிறுவனம் எழுதியிருக்கும்போது, பெட்டியைச் செய்த ஸெட்எஃப் 80 ஆயிரத்திலிருந்து 120 ஆயிரம் கிலோமீற்றருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளுக்குள் மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவன் சொல்வதையே நான் நம்புவேன்.

இந்த எண்ணெய்க்கு ஒரே நேரத்தில் நான்கு வேலை: அழுத்தத்தைக் கடத்த வேண்டும், சூட்டை வெளியேற்ற வேண்டும், பற்சக்கரங்களுக்கு வழவழப்புத் தர வேண்டும், அதே சமயம் கிளச் தட்டுகள் பிடிக்கவும் விட வேண்டும். கடைசி இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. அந்தச் சமநிலையைக் காப்பவை எண்ணெயில் கலந்திருக்கும் இரசாயனங்கள். சூடு அவற்றைத்தான் முதலில் அழிக்கிறது. இதனால்தான் எந்த எண்ணெயையும் ஊற்றிவிட முடியாது. டொயோட்டாவுக்கு டபிள்யுஎஸ், ஹொண்டாவுக்கு டிடபிள்யு-1, நிசானின் சிவிடி என்ற, படிக் கியர்கள் இல்லாத பெட்டிக்கு என்எஸ்-2 அல்லது என்எஸ்-3 என்று அதனதற்கு உரியது உண்டு. எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று எழுதிய மலிவுப் போத்தலைச் சிவிடியில் ஊற்றுவது பெட்டியைக் கொல்வதற்குச் சமம்.

பழைய கார்களில் எண்ணெய் மட்டம் பார்க்கும் அளவுகோல் உண்டு. சமதரையில் நிறுத்தி, கார் சூடாக இருக்க, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்ப்பதுதான் பெரும்பாலான கார்களில் முறை; ஹொண்டாவில் எஞ்சினை நிறுத்திவிட்டு உடனே பார்க்க வேண்டும். வெள்ளைக் கடதாசியில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். சிவப்பாகவோ இளம் பழுப்பாகவோ இருந்தால் பரவாயில்லை. கடும் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்து கருகல் வாடையும் அடித்தால் உள்ளே தட்டுகள் எரிந்திருக்கின்றன. புதிய கார்கள் பலவற்றில் அளவுகோலே இல்லை. எண்ணெயின் வெப்பநிலையை ஸ்கானரில் பார்த்து, குறிப்பிட்ட பாகையில் அடியில் உள்ள திருகைத் திறந்து, வழிவதை வைத்து மட்டம் பார்க்க வேண்டும். வீட்டு முற்றத்தில் செய்யும் வேலை அல்ல.

எண்ணெய் ரோஸ் பால் நிறத்தில் இருந்தால் காரை அப்படியே நிறுத்துங்கள், ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். கியர்பொக்ஸ் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் பல கார்களில் ரேடியேட்டருக்குள் ஓடுகிறது. அந்தச் சுவர் அரித்துப்போனால் ரேடியேட்டர் நீர் எண்ணெயில் கலக்கும். அந்த நீர் உராய்வுப் பூச்சின் பசையைக் கரைத்துவிடும். நிசான் நவாரா டி40, பாத்ஃபைண்டர் ஆர்51 கார்களும் சில ஃபோல்கன்களும் இந்தக் கோளாறுக்குப் பெயர் போனவை. பழைய காரை வைத்திருப்பவர் ரேடியேட்டரை முன்கூட்டியே மாற்றிக்கொள்ளலாம், அல்லது எண்ணெய்க்கு வெளியே தனிக் கூலர் ஒன்று பூட்டிக்கொள்ளலாம். சில நூறு டொலர் செலவு, அதனால் தப்புவது ஒரு முழுப் பெட்டி.

பழைய பெட்டியில் புது எண்ணெய் ஊற்றினால் பெட்டி செத்துவிடும் என்ற பேச்சு நம்மவர்களிடையே பரவலாக உண்டு. இது முழுப் பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல. ஏற்கெனவே கருகி வழுக்கிக்கொண்டிருந்த பெட்டிக்குக் கடைசி முயற்சியாக எண்ணெய் மாற்றுகிறார்கள், ஒரு மாதத்தில் அது நின்றுவிடுகிறது, பழி எண்ணெய்மேல் விழுகிறது. எண்ணெய் மாற்றாமல் விட்டிருந்தாலும் அது நின்றிருக்கும். இருநூறாயிரம் கிலோமீற்றர் ஓடி, இன்னும் வழுக்காத பெட்டிக்குச் சரியான வழி, இயந்திரத்தால் அழுத்தி அலசாமல், கீழ்த் திருகைத் திறந்து வடிகிற அளவை மட்டும் வடித்து அதே அளவு புதிதாக ஊற்றுவதுதான். ஒரு முறை வடித்தால் உள்ளே இருப்பதில் மூன்றிலொரு பங்கோ பாதியோதான் வெளியே வரும். சில ஆயிரம் கிலோமீற்றர் ஓடிய பின் மறுபடி, அதன் பின் இன்னொரு முறை. அடித்தட்டைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் காந்தத்தை உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். சாம்பல் நிறப் பசையாக மெல்லிய படிவு இருந்தால் அது வயதின் தேய்மானம். விரலில் குத்தும் இரும்புத் துணுக்கு இருந்தால் எண்ணெய்க்குச் செலவழிப்பதை அங்கேயே நிறுத்திவிடலாம்.

அடுத்தது, காரின் கணினியில் பதிவான கோளாறுக் கோட்களைப் படிக்கும் ஸ்கானர். பி0700 என்பது கியர்பொக்ஸில் ஏதோ கோளாறு என்ற பொதுவான அறிவிப்பு மட்டுமே. பி0730 என்றால் கியர் விகிதம் கணக்குக்கு வரவில்லை, அதாவது வழுக்கலைக் கணினியே பிடித்துவிட்டது. பி0741 கொன்வேர்ட்டரின் பூட்டுக் கிளச்சைக் குறிக்கும். கோட் மட்டும் படித்துவிட்டு முழுப் பெட்டியையும் மாற்றச் சொல்கிற இடத்தில் காரை விடாதீர்கள். எண்ணெய் அழுத்தத்தை அளந்தார்களா, சொலனோயிட்டைச் சோதித்தார்களா, ஓட்டிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். கியர்பொக்ஸ் மட்டுமே பார்க்கும் கராஜ்கள் மேற்குப் புறநகர்களில் இருக்கின்றன. அங்கே நோயறிவதற்கே தனிக் கட்டணம் கேட்பார்கள். கொடுக்கலாம், அது வீண் போகாது.

ஓட்டத் தெரியாதவர் என்று சொன்ன நிறுவனம்

இந்த நாட்டில் கியர்பொக்ஸ் வழுக்கலும் நடுக்கமும் கராஜைத் தாண்டி நீதிமன்றம் வரை போனதுண்டு. பொயிண்ட் குக்கில் இன்றும் மலிவாகக் கிடைக்கும் ஃபோர்ட் ஃபோகஸ், ஃபியஸ்டா, இகோஸ்போர்ட் கார்களை வாங்க நினைப்பவர் இதை அறிந்திருக்க வேண்டும்.

இந்தக் கார்களில் ஃபோர்ட் பூட்டியது பவர்ஷிஃப்ட் என்ற ஆறு கியர் பெட்டி. வெளியே பார்க்க ஓட்டோமேட்டிக், உள்ளே கதை வேறு. டோர்க் கொன்வேர்ட்டர் கிடையாது. இரண்டு உலர் கிளச்சுகளை மின்மோட்டர்கள் மாறி மாறிப் பிடித்து விடும். பெற்றோலை மிச்சப்படுத்துவதற்காக வந்த ஏற்பாடு. உலர் கிளச் என்பதால் அதில் எண்ணெய் படக்கூடாது. ஆனால் தண்டின் சீல் வழியே எண்ணெய் கசிந்து கிளச்சில் பட்டது. உராய்வுப் பூச்சிலும் குறை இருந்தது, கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியிலும் குறை இருந்தது. கார் நடுங்கியது, வழுக்கியது, சந்தியில் புறப்படத் தாமதித்தது, சில சமயம் இழுவையே இல்லாமல் நின்றது. அவுஸ்திரேலியாவில் இந்தப் பெட்டியோடு 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் விற்கப்பட்டன. அவற்றில் ஏறத்தாழப் பாதி, ஒரு முறையேனும் இந்தப் பெட்டிக்காகவே திருத்த வேலைக்குப் போனவை.

முறையிட்டவர்களுக்குக் கிடைத்த பதில்தான் மனதை வருத்துகிறது. நீங்கள் ஓட்டும் விதத்தால்தான் நடுங்குகிறது என்று சொல்லப்பட்டது. பெட்டியில் குறை இருக்கிறது என்பது நிறுவனத்துக்குத் தெரிந்திருந்த காலத்தில் அப்படிச் சொல்லப்பட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களில் பலருக்கு அது மறுக்கப்பட்டு, மேற்கொண்டு கணிசமான தொகை கட்டினால் வேறு கார் தருவதாகச் சொல்லப்பட்டது. நுகர்வோர் ஆணைக்குழுவான ஏசிசிசி வழக்குத் தொடர்ந்தது. 2015 மேயிலிருந்து 2016 பெப்ரவரி வரை முறையீடுகளைக் கையாண்ட விதம் மனச்சாட்சிக்கு விரோதமான நடத்தை என்று தீர்மானித்த ஃபெடரல் நீதிமன்றம், 2018 ஏப்ரலில் ஃபோர்டுக்கு ஒரு கோடி டொலர் அபராதம் விதித்தது.

அது முடிவல்ல. உரிமையாளர்கள் சேர்ந்து தொடுத்த கூட்டு வழக்கில் 2021 ஜூனில் ஃபெடரல் நீதிபதி நை பெரம், மனுதாரரின் கார் ஏற்கத்தக்க தரத்தில் இல்லை என்றும், குறையால் அதன் மதிப்பு 30 சதவீதம் குறைந்திருந்தது என்றும் தீர்ப்பளித்தார். மேல்முறையீடுகள் தொடர்ந்தன. 2024 நவம்பர் 6ஆம் திகதி நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான ஹைகோர்ட், டொயோட்டாவின் டீசல் வடிகட்டி வழக்கோடு சேர்த்து இதிலும் தீர்ப்புச் சொன்னது. மதிப்பு எவ்வளவு குறைந்தது என்பதைக் கார் விற்கப்பட்ட வேளையை வைத்தே கணிக்க வேண்டும், அந்தக் கணிப்புக்குப் பின்னர் தெரியவந்த தகவல்களையும் பார்க்கலாம் என்பது அதன் சாரம். இதற்கு முன்பே, 2013 ஜூனில், வோக்ஸ்வாகன் நிறுவனமும் டிஎஸ்ஜி என்ற ஏழு கியர் இரட்டைக் கிளச் பெட்டி பூட்டிய ஏறத்தாழ 26 ஆயிரம் கார்களை இந்த நாட்டில் திரும்ப அழைத்திருந்தது. ஓடும்போதே சக்தி அறுந்துபோகும் கோளாறு அது.

நம்மவர்களுக்கு இந்த வழக்கு ஒரு காரணத்துக்காக முக்கியம். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ கையால் கியர் மாற்றி ஓட்டிப் பழகிவிட்டு இங்கே வந்து முதன்முதலாக ஓட்டோமேட்டிக்கில் ஏறியவரிடம், உங்களுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று ஒரு சேர்விஸ் கவுண்டரில் சொன்னால் அவர் நம்பிவிடுவார். தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுவார். அப்படி வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். பெட்டியின் குறையைத் தன் குறையாக ஏற்றுக்கொண்டு அதற்குப் பணமும் கட்டிய குடும்பங்கள் அவை. எழுத்தில் முறையிடுங்கள், எழுத்தில் பதில் கேளுங்கள்.

சட்டம் எங்கே வரும், எங்கே வராது

2011 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி, வணிகர் விற்கும் கார் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், நியாயமான காலத்துக்கு நீடிக்க வேண்டும். நிறுவனத்தின் வாறன்ரி முடிந்த மறுநாளே இந்த உரிமை முடிந்துவிடாது. வயது, விலை, ஓடிய தூரம் எல்லாம் கணக்கில் வரும். ஐந்து ஆண்டு ஓடிய காரில் கியர்பொக்ஸ் போனால் கேட்க இடம் இருக்கிறது. பதினைந்து ஆண்டு, 260 ஆயிரம் கிலோமீற்றர் என்றால் இடம் மிகக் குறைவு.

விக்ரோரியாவில் உரிமம் பெற்ற வணிகரிடம் வாங்கும் பழைய காருக்குச் சட்டப்படியான வாறன்ரி உண்டு: மூன்று மாதம் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அது. ஆனால் கார் பத்து ஆண்டுக்கு உட்பட்டதாகவும் 160 ஆயிரம் கிலோமீற்றருக்குக் குறைவாக ஓடியதாகவும் இருக்க வேண்டும். நம்மவர்கள் வாங்கும் கார்களில் பல இந்த எல்லைக்கு வெளியே நிற்கின்றன. அப்போதும் வணிகரிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் சட்டத்தின் பொது உத்தரவாதம் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். விக்ரோரிய நுகர்வோர் விவகாரத் திணைக்களத்திடம் முறையிடலாம், சரிவராவிட்டால் வீகாட் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கியர்பொக்ஸைத் திருத்திக் கொடுத்த கராஜையும் இதே சட்டம் கட்டும். உரிய கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்திருக்க வேண்டும் என்பது அவர்கள் தரும் உத்தரவாதம், பில்லில் எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும்.

தனியாரிடம், முகநூலில் விளம்பரம் பார்த்து, ஒரு வீட்டு வாசலில் வாங்கினால் இவை எதுவும் துணைக்கு வராது. விற்பவர் ரோட்வேர்தி சான்றிதழைக் கையில் கொடுத்ததும் பலர் நிம்மதி அடைகிறார்கள். அந்தச் சான்றிதழ் பிரேக், டயர், விளக்கு, ஸ்டியரிங் போன்ற பாதுகாப்பு அம்சங்களைப் பார்ப்பது. எஞ்சினும் கியர்பொக்ஸும் இன்னும் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதற்கு அது உறுதி தருவதில்லை. வழுக்கும் பெட்டியோடு ஒரு கார் ரோட்வேர்தி பெற்றுவிட முடியும். ஆகவே வாங்குமுன் நீங்களாகவே ஒரு மெக்கானிக்கை வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு தெரு சுற்றிவிட்டு வந்தால் போதாது. கார் குளிர்ந்திருக்கும்போதே போய், விற்பவர் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருக்கிறாரா என்று பொனட்டைத் தொட்டுப் பாருங்கள். பிறகு அரை மணி நேரமாவது நெடுஞ்சாலையில் ஓட்டி, ஓர் ஏற்றத்திலும் ஏற்றிப் பாருங்கள்.

திருத்துவதா, விடுவதா

முழுப் பெட்டியையும் பிரித்துக் கட்டுவதற்கு மெல்பேர்ணில் காருக்கு ஏற்ப மூவாயிரத்திலிருந்து ஆறேழாயிரம் டொலர் வரை கேட்பார்கள், சிலவற்றுக்கு அதற்கு மேலும். பழைய கார் உடைக்கும் இடங்களில் பாவித்த பெட்டி மலிவாகக் கிடைக்கும், ஆனால் அது எப்படி வாழ்ந்தது என்பது எவருக்கும் தெரியாது. சிவிடியையும் இரட்டைக் கிளச் பெட்டியையும் பிரித்துக் கட்டுவதற்கு எல்லாக் கராஜும் முன்வராது, புதிதாக மாற்றும் விலை பழைய காரின் விலையைத் தாண்டிவிடும்.

கணக்குப் பார்க்கும்போது நாம் வழக்கமாக ஒரு தவறான கேள்வியைக் கேட்கிறோம். ஐயாயிரம் டொலர் பெறாத காருக்கு நாலாயிரம் செலவழிப்பதா என்கிறோம். கேட்க வேண்டியது, அந்த நாலாயிரத்துக்கு வேறு எந்தக் கார் கிடைக்கும், அதன் கியர்பொக்ஸ் எந்த நிலையில் இருக்கும் என்பது. எஞ்சின் சரியாக இருந்து, உடலில் துரு இல்லாமல், சேர்விஸ் புத்தகமும் கையில் உள்ள ஒரு கெம்ரிக்கு நல்ல கராஜில் உத்தரவாதத்தோடு பெட்டி கட்டிக்கொள்வது பெரும்பாலும் நியாயமான முடிவு. அதே பணத்தில் வாங்கும் அறிமுகமில்லாத இன்னொரு காரைவிட இது மேல். எஞ்சினும் எண்ணெய் குடிக்கிறது, சஸ்பென்ஷனும் தட்டுகிறது என்றால் விட்டுவிடுவதே நல்லது. 200 ஆயிரம் ஓடிய பவர்ஷிஃப்ட் ஃபோகஸை நான் மலிவு விலைக்கும் வாங்கச் சொல்லமாட்டேன்.

முடிவெடுக்கும் வரை அந்தக் காரை எப்படி ஓட்டுவது? நெடுஞ்சாலையைத் தவிருங்கள், வெஸ்ட் கேட் பாலம் வேண்டவே வேண்டாம். அங்கே இழுவை அறுந்தால் மணிக்கு எண்பதில் வரும் வண்டிகளுக்கு நடுவே நிற்பீர்கள். நாற்பது பாகை வெயில் நாளில் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு கிரேட் ஓஷன் ரோட்டுக்குப் போக வேண்டாம். ட்ரெயிலர் இழுக்கக் கூடாது. முற்றத்திலிருந்து பின்னால் எடுக்கும்போது கார் முழுதாக நின்ற பிறகே ரிவேர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்ற வேண்டும். இறக்கத்தில் நியூட்ரலில் உருளவிட்டுப் பெற்றோல் மிச்சப்படுத்தும் ஊர்ப் பழக்கம் ஓட்டோமேட்டிக்குக்கு ஆகாது.

விற்பது என்று முடிவானால், தெரியாதவர்போல விற்றுவிடலாம் என்ற எண்ணம் வரும். குளிர்ந்த காலையில் கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டினால் வழுக்கல் தெரியாது, கோட்டை அழித்துவிட்டால் விளக்கும் எரியாது, வாங்க வருபவர் போன மாதம் விமானத்தில் இறங்கிய மாணவராகவோ இரவு வேலைக்குப் போகத் துடிக்கும் இளம் தகப்பனாகவோ இருப்பார். நம் முகநூல் குழுக்களில் நம் ஆட்களிடமே இப்படி விற்றிருக்கிறார்கள். அந்தப் பையனின் முதல் நாலு மாதச் சேமிப்பு அது. நுகர்வோர் சட்டமும் அவனுக்குத் துணைக்கு வராது, அதனால்தான் இதை வெளிப்படையாக எழுதுகிறேன்: அப்படிச் செய்யாதீர்கள்.

விக்ரோரியாவில் ரோட்வேர்தி இல்லாமலும் காரை விற்க வழி இருக்கிறது. பதிவை ரத்துச் செய்து, நம்பர் தகடுகளைத் திருப்பிக் கொடுத்தால் மீதமுள்ள காலத்துக்கான பதிவுப் பணத்தில் ஒரு பகுதி திரும்பி வரும். கியர்பொக்ஸ் வழுக்குகிறது, எந்தக் கியரில், எப்போதிலிருந்து, எண்ணெய் எந்த நிறத்தில் இருந்தது என்று விளம்பரத்திலேயே எழுதி, எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறது என்பதையும் சேர்த்து, பதிவில்லாத காராக விலை போடலாம். அப்படி எழுதிய விளம்பரத்துக்கு மெக்கானிக்குகளும் உடைப்பவர்களும்தான் முதலில் போன் எடுப்பார்கள். இழுத்துக்கொண்டு போக அவர்களே லொறி கொண்டு வருவார்கள்.